பல்லியக்கா அடைத்த பதினாறு ஓட்டைகள்

பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தப் படகுத்துறையில் ஒருவருக்கும் தெரியாது. பல்லியக்கா என்று கேட்டுப் பாருங்கள், மூன்று வயதுப் பிள்ளைகூட ஷெட் இருக்கும் பக்கம் கையைக் காட்டும். ஆள் நாலே முக்கால் அடி. நனைந்த புடவையோடு தராசில் ஏற்றினாலும் நாற்பது கிலோவைத் தாண்டாது. ஃபைபர் படகின் தளத்துக்கும் அடித்தோலுக்கும் நடுவே உள்ள இடுக்கில், மற்றவர்கள் தலையை நுழைக்கவே யோசிக்கிற இடத்தில், இவள் முழு உடம்போடு போய் ஒட்டிக்கொள்வாள். உள்ளே இருந்து சுத்தியல் பிடியால் டொக் டொக்கென்று தட்டும் சத்தம் மட்டும் வரும். தட்டிப் பார்த்து, "இங்க உயிர் இருக்கு", "இங்க செத்துப்போச்சு" என்று சொன்னால் சொன்னதுதான், அதற்கு அப்பீல் கிடையாது. பல்லி என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கட்டின புருஷன்தான். அவர் முடிதிருத்துகிறவர். அவர் வாயில் விழுந்த பெயர் ஒரே வாரத்தில் ஊர்த் தலைகள் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

ஃபைபர் படகைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே பார்க்கிற பளபளப்பெல்லாம் வெறும் தோல்தான். கண்ணாடி இழைத் துணியை ரெசின் பசையில் ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்தால் வருகிற தோல். அலையடித்தால் அது வளையும். வளையாமல் இருக்க, மூக்கிலிருந்து வால்வரை நாலு நீளக் கட்டைகள் உள்ளே ஓடும். கட்டைகளுக்கு நடுவே குறுக்குப் பலகைகள். எல்லாவற்றையும் அதே ஃபைபர் துணியால் போர்த்தி, மேலே தளம் போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கட்டைகளை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் மட்டும் பார்க்கும். ஒரு ஆணி ஓட்டை போதும், சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, அவசரமே படாமல் வருஷக்கணக்கில் மரத்தைத் தின்னும்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்று உலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பல்லியக்காவின் நாத்தனாரைப் பார்த்தால் அந்தப் பேச்சைக் கிளப்பினவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கேற்ற அகலம், ஹாரன் தேவைப்படாத குரல். இரண்டு பேரும் தினம் ஒருமுறை சண்டை போடுவார்கள், தினம் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடுவார்கள். நாத்தனார் பதினாலு வருஷமாக வெள்ளைப் படகை ஓட்டுகிறாள். அக்கரையிலிருந்து பதினோரு பேரை வாரத்தில் மூன்று நாள் இக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோய் விடுவதுதான் அந்தப் படகின் வேலை. பதினோரு பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் நாலாம் நாள் மூச்சு வாங்கும். சாலை வழியாகச் சுற்றி வந்தால் ஐந்து மணி நேரம். படகில் முக்கால் மணி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் படகின் கட்டைகளைப் பலப்படுத்திக் கொடுத்தது பல்லியக்காதான். அன்றிலிருந்து நாத்தனார் ஏறுகிறவர்களிடமெல்லாம், "பயப்படாம உக்காருங்க, எங்க அண்ணி கை பட்ட படகு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

இந்த வருஷம் அந்தப் படகு கனக்க ஆரம்பித்தது.

"பின்பக்கம் உக்காருது அண்ணி. இன்ஜினுக்கு வயசாச்சா எனக்கு வயசாச்சானு தெரியல. முன்ன மாதிரி எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள் நாத்தனார்.

"கரையில ஏத்து. தட்டிப் பாத்துருவோம்."

காற்றுக் காலம் தொடங்க நாலு வாரம் இருந்தது. அதுவரைக்கும் நோயாளிகளைக் கொண்டுவர கூரையில்லாத சின்னப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். காற்று எழுந்துவிட்டால் அந்தப் படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கவே மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். நாலு வாரத்துக்குள் வெள்ளைப் படகு தண்ணீரில் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பதினோரு பேரின் பாடு என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பல்லியக்கா மூடியைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். நல்ல கட்டை டொக் என்று பதில் சொல்லும். கெட்டது பொத் என்னும். இன்ஜினுக்குக் கீழே தட்டினாள், பொத். இரண்டடி தள்ளி, பொத். ஊர்ந்து ஊர்ந்து முதல் குறுக்குப் பலகைவரை போனாள். பொத், பொத், பொத்.

"என்ன அண்ணி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பேசாத. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

வெளியே வந்து, பின்பக்கத் தளத்தை அறுத்து எடுத்தாள். இடப்பக்கக் கட்டையின் அடியில் விரல் பருமனுக்கு ஒரு துளை போட்டாள். டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வந்தது. வாளியை வைத்தாள். நிரம்பியது. இன்னொன்று வைத்தாள், அதுவும் நிரம்பியது. மூன்றாவது வாளியைக் கொண்டுவரப் போன நாத்தனார் திரும்பி வரும்போதும் அது ஊற்று மாதிரி வந்துகொண்டே இருந்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீர் வருவது நின்றபிறகு பல்லியக்கா மேல்தோலை நீளமாகக் கீறிப் பிளந்தாள். உள்ளே கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக எதுவோ இருந்தது. கையால் அள்ளினாள். டீ வடிகட்டின சக்கை மாதிரி பிசுபிசுவென்று வந்தது. தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கட்டை என்று சொல்லிக்கொள்ள ஒரு சிம்பு மரம் அகப்படவில்லை.

பல்லியக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷ வேலையில் அழுகின கட்டையை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். மரம் பாதி போயிருக்கும், கால்வாசி போயிருக்கும். மரமே இல்லாமல் ஒரு படகு ஓடி அவள் பார்த்ததில்லை. அப்படியானால் இத்தனை நாள் இன்ஜினைத் தாங்கினது எது? அலையில் தூக்கிப்போடும்போது பதினோரு பேரையும் விடாமல் பிடித்தது எது? கட்டைமேல் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் ஒட்டின நாலடுக்குத் துணி. ஒரு விரற்கடை கனம்கூட இருக்காது. உள்ளே இருந்தது கரைந்து போனபின்னும் அந்தத் தோல் கட்டையின் வடிவத்தை மறக்காமல் நின்றிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை போல. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா, பிரமிப்பா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எழுந்து அந்தக் காலித் தோலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்புறம்தான் அறுத்தெடுத்த தளத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். திருகாணி முனைகள். துருப்பிடித்துச் சிவந்து, நேராகக் கட்டைக்குள் இறங்கியிருந்தவை. எண்ணினாள். இருபத்திரண்டு.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தான் அண்ணி" என்றாள் நாத்தனார். "எட்டு வருஷம் ஆச்சு. மெஷின்ல நாலு மணி நேரம் படுத்துட்டு வர்றாங்க, நிமிந்து உக்கார முடியல. சாஞ்சுக்க ஏதாவது இருந்தா நல்லாருக்கும்னு பெஞ்சுக்கெல்லாம் முதுகுப் பலகை வச்சேன்."

"திருகாணிக்கு ரெசின் வச்சு அடைச்சியா?"

"இல்ல."

பல்லியக்காவின் வாய் இருக்கிறதே, அது அவள் உடம்பின் அளவு இல்லை. கைவேலையில் எவ்வளவு நிதானமோ அவ்வளவுக்கு நாக்கு துடுக்கு. திட்டினாள். ஷெட்டுக்கு வெளியே போகிறவர்கள் நின்று கேட்கும்படி திட்டினாள். "பதினோரு பேரைக் கொல்லப் பாத்தியேடி" என்று முடித்தாள். மற்றதெல்லாம் அவர்கள் வீட்டில் தினம் புழங்குகிற வசவுதான், துடைத்துப் போட்டுவிடலாம். இந்தக் கடைசி வாக்கியம் அப்படி இல்லை.

நாத்தனார் பதில் பேசவில்லை. பதினாலு வருஷத்தில் முதல்முறையாகப் பதில் பேசவில்லை. இடுப்பிலிருந்து படகுச் சாவியை எடுத்து வேலைமேஜையில் வைத்தாள். "கூடமாட வேலை செய்யறேன் அண்ணி. இனிமே ஓட்டமாட்டேன்" என்றாள்.

சும்மா வார்த்தைக்குச் சொன்னதில்லை. மறுநாளே சின்னப் படகில் போய் பதினோரு பேரிடமும், படகு கெட்டது என்னால்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். சோறு இறங்கவில்லை. அண்ணன்காரர், அதாவது பல்லியக்காவின் புருஷன், கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு பக்கம் தங்கச்சி, ஒரு பக்கம் பொண்டாட்டி. நான் கத்தரிக்கோலை எந்தப் பக்கம் வைக்கிறது?" என்றார்.

"உங்க தங்கச்சி செஞ்சதைத்தான் சொன்னேன். இல்லாததைச் சொல்லல" என்றாள் பல்லியக்கா.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா சின்னப் படகுக்காரன் காத்து வந்தா நின்னுருவான், அப்புறம் அந்த வழியில வேற யாரு படகு ஓட்டுவா? ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். நோயாளிங்களை ஏத்தினா நடுவுல ஏதாவது ஆயிருமோனு பயப்படறாங்க. அவ ஒருத்திதான் அவங்களைப் பேர் சொல்லி, கை கொடுத்து ஏத்துறவ."

அது பல்லியக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது.

மூன்றாம் நாள் காலையில் மிச்சத் தளத்தையும் அறுத்தாள். குறுக்குப் பலகைகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு அறையிலும் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கட்டைகள் அதில் ஊறிக்கொண்டு கிடந்தன. வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ உறைத்தது. இருபத்திரண்டு திருகாணி வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தானே தண்ணீர் வரும். வந்த தண்ணீர் ஏன் ஓடவில்லை? எந்தப் படகிலும் குறுக்குப் பலகையின் அடியில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். உள்ளே விழுகிற தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக ஓடிப் பின்னால் வரும், பம்ப் அதை இறைத்து வெளியே தள்ளும். சொட்டுத் தண்ணீர் தங்கவே தங்காது.

குனிந்து ஒரு பலகையின் அடியைத் துணியால் துடைத்தாள். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ரெசின் பசை வைத்து அடைத்திருந்தது. அழகாக, விளிம்பு பிசகாமல், ஒரு நல்ல கை அடைத்த அடைப்பு. நடுவில் கட்டைவிரலால் அழுத்தின பள்ளம். பள்ளத்தில் ரேகை. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இருபது வயதில் ஃபைபர் துணி வெட்டும் கத்தி கிழித்த தழும்பு, சாய்வாக.

அடுத்த பலகைக்குப் போனாள். அங்கேயும் விரல். அதற்கடுத்ததிலும். மொத்தம் பதினாறு.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த ஓட்டைகளைச் சுற்றி மரம் பூச்சில்லாமல் பச்சையாகத் தெரிந்தது. வேறு படகாக இருந்தால் விளிம்புக்கு ஒரு பூச்சு பூசிவிட்டுப் போயிருப்பாள். இது நோயாளிகள் ஏறுகிற படகு ஆயிற்றே என்று மனசு கேட்கவில்லை. ஓட்டையே இல்லாவிட்டால் தண்ணீர் மரத்தைத் தொடுவதற்கே வழியில்லை என்று கணக்குப் போட்டாள். மேலே தளம், கீழே தோல், நடுவே ஒவ்வொரு அறையும் தனித்தனியாக முத்திரை வைத்த மாதிரி. கையுறை போட்டால் பசை சரியாக அமுங்காது என்று அதைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் பதினாறையும் அழுத்தினாள். அன்றைக்கு அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வேறு எந்தப் படகுக்கும் அப்படிச் செய்ததில்லை. பிரியம் வைத்த ஒரே படகுக்குத்தான் செய்தாள்.

ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என்று சொல்லிச் சிரிப்பார்கள். விழுந்த பல்லிக்குச் சிரிப்பு வராது.

கிரைண்டர் பக்கத்திலேயே இருந்தது. பதினாறு அடைப்பையும் தேய்த்து எடுக்கக் கால் மணி நேரம் ஆகாது. எப்படியும் தேய்த்தாக வேண்டியதுதானே, வேலையில் அது ஒரு பாகம்தானே. தேய்த்துவிட்டால் இருப்பது இருபத்திரண்டு திருகாணி மட்டும். அதைச் செய்தவள் தானே ஒப்புக்கொண்டு ஊருக்கும் சொல்லிவிட்டாள். இந்த இடுக்குக்குள் வேறு யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பல்லியக்கா கிரைண்டரைக் கையில் எடுத்தாள். சுவிட்சில் விரலையும் வைத்தாள். பொய் சொல்வானேன், முழு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். வெளியே நாத்தனார் படகின் விலாவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஆப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. மூன்று நாளாகச் சாப்பிடாதவளின் அடி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தட்டிக் கேட்டே பிழைக்கிறவளுக்கா தெரியாது.

கிரைண்டரைக் கீழே வைத்தாள். "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டாள்.

நாத்தனார் வந்தாள். தளம் இல்லாத படகுக்குள் இறங்கி, சொன்னபடி குப்புறப் படுத்து, காட்டின இடத்தைப் பார்த்தாள். பல்லியக்கா தன் கட்டைவிரலைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைத்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் கச்சிதமாகப் பொருந்தியது.

"தண்ணி வெளிய போற வழி இது. நான் அடைச்சேன். பதினாறையும் அடைச்சேன். நீ அடிச்ச திருகாணில வந்தது, இது தொறந்திருந்தா அன்னன்னைக்கே ஓடிப்போயிருக்கும். நீ விட்டது சொட்டு. நான் அதைக் குளமாக்கினேன். கொல்லப் பாத்தியேனு உன்னைச் சொன்னேன்ல, அது எனக்கு."

நாத்தனார் அந்த ரேகையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அடுத்த அடைப்புக்கு நகர்ந்தாள். அதற்கும் அடுத்ததற்கு. பதினாறையும் பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்பு அந்த இடுக்கில் ஊர்ந்து போகப் பல்லியக்கா ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டாள்.

"எனக்குக் கோவம் வரணும் அண்ணி" என்றாள் கடைசியில். "வர மாட்டேங்குது. ஒவ்வொண்ணையும் எவ்வளவு பாத்துப் பாத்து அடைச்சிருக்கீங்க."

"திட்டுடி. மனசு ஆறும்."

"திட்டறதுக்கு என்ன இருக்கு. அவங்க முதுகு வலிக்கக் கூடாதுனு நான் ஓட்டை போட்டேன். அவங்க ஏறுற படகு கெடக் கூடாதுனு நீங்க அடைச்சீங்க. ரெண்டு பேரும் சேந்து மரத்தை மென்னு முழுங்கிட்டோம்."

"அப்ப சாவியை எடுத்துக்கோ."

"அது மட்டும் முடியாது. நானும் செஞ்சேன், நீங்களும் செஞ்சீங்க. யாரு தப்பு அதிகம்னு நம்ம ரெண்டு பேர் பேசி முடிச்சுக்கிட்டா ஆச்சா? ஏறப்போறது அவங்க. அவங்க சொல்லட்டும்."

அதன் பிறகு நடந்தது பதினேழு நாள் வேலை. ஒரே நேரத்தில் நாலு கட்டையையும் எடுத்தால் தோல் தன் வடிவத்தை விட்டுத் தொய்ந்துவிடும், அப்புறம் படகு ஜென்மத்துக்கும் கோணலாகத்தான் ஓடும். அதனால் வெளியே இருபது முட்டுக் கொடுத்து, ஒரு கட்டையை எடுத்து, அந்த இடத்தைக் காயவைத்து, புதுக் கட்டை வைத்துப் போர்த்தின பிறகே அடுத்ததைத் தொட்டார்கள். எடுத்த அழுகலையெல்லாம் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தார்கள். புதுக் கட்டையின் நிறையைக் கழித்துப் பார்த்தால், வாளியில் இறைத்துக் கொட்டினது போக, கட்டைகளுக்குள் மட்டுமே படகு இருநூற்றுப் பத்துக் கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது.

நடுவில் ஒரு நண்பகல். குறுக்குப் பலகைகளை எடுத்துத் துடைத்துவிட்ட நேரம். புருஷன்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே வெயில் படகின் விலாவில் நேராக விழுந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது கெட்டியான வெள்ளைச் சுவர். உள்ளேயோ, அந்தச் சுவர் முழுவதும் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. ஃபைபர் துணியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலையில், முப்பது வருஷத்துக்கு முன்னால், முகம் தெரியாத யாரோ ஒருவர் துணியின் ஓரத்தை ஓரத்தோடு ஏற்றி ஒட்டின இடங்கள் பட்டையாகத் தெரிந்தன. வெளியே நாத்தனார் நடந்து போனாள், அவள் நிழல் சுவரில் கடந்து போனது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் அவர் மனைவி முழங்காலிட்டு உட்கார்ந்து, எங்கே இருட்டாகத் தெரிகிறதோ அங்கே இன்னும் ஈரம் என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பேசிப் பேசியே பிழைக்கிற அந்த மனிதர் ஐந்து நிமிஷம் ஏணிப்படியிலேயே நின்றுவிட்டார். தூக்கைப் பிடித்த கை கீழே இறங்கவில்லை.

"இத்தனை வருஷமா இதுக்குள்ளயா இருக்கே?" என்றார்.

"வேற எங்க இருப்பேன்."

"நான் ஏதோ சாக்கடைக்குள்ள போற மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ ஒருநாளும் சொன்னதில்லையே."

"சொன்னா ஊர் பூரா கூட்டிக்கிட்டு வருவீங்க" என்றாள் பல்லியக்கா. அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ரெசின் நெடி என்று சொல்லிக்கொண்டாள்.

பதினேழாம் நாள் கடைசி அடுக்கு காய்ந்தது. அன்று பதினோரு பேரும் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள். பல்லியக்கா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அறைக்குள் அவள் அதுவரை போனதே இல்லை. ஆறு கட்டில், ஆறு மெஷின். ஆறு பேர் படுத்திருந்தார்கள், மிச்ச ஐந்து பேர் சுவரோரம் பெஞ்சில் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் ஒரு நிறுவை மெஷின். ஒவ்வொருவரும் படுக்கும் முன்பும் எழுந்த பின்பும் அதில் ஏறி நிற்க, நர்ஸ் எண்ணை வாசித்தாள். பல்லியக்கா கட்டிலில் இருந்த கணக்கு வாத்தியாரின் கையைப் பார்த்தாள். குழாயில் ரத்தம் போய், மெஷினைச் சுற்றி, இன்னொரு குழாயில் திரும்பி வந்தது. மனிதர் சாவதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு படகின் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துத் திருப்பி வைக்க அவளுக்குப் பதினேழு நாளும் இருபது முட்டும் வேண்டியிருந்தது. இங்கே ஆளின் தோலைக் கிழிக்காமல், பேப்பரைக்கூடக் கலைக்காமல், வாரத்துக்கு மூன்று தரம் அதைச் செய்கிறார்கள். பேச வந்ததை மறந்து நின்றுவிட்டாள்.

"யாரும்மா நீ?" என்றார் வாத்தியார்.

"படகு ரிப்பேர் பாக்கறவ. இவளோட அண்ணி."

"ஓ, பல்லியக்கா. கை பட்ட படகுனு தினம் கேப்போமே" என்றாள் பெஞ்சில் இருந்த தையல்காரம்மா.

பல்லியக்கா பேச ஆரம்பித்தாள். ஒத்திகை பார்த்து வந்தது எதுவும் வரவில்லை. திருகாணி என்றாள், குறுக்குப் பலகை என்றாள், பம்ப் என்றாள், நடுவில் தானே குழம்பிப்போனாள். "உங்களுக்கு எப்படிச் சொல்றதுனு தெரியல. குறுக்குப் பலகைக்குக் கீழ பதினாறு ஓட்டை இருக்கணும். நல்லதுனு நெனச்சு நான்தான்..." என்று இழுத்தாள்.

வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார்.

"உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாமப் போச்சு. அதானே?"

"ஆமா."

"தங்கின தண்ணி உள்ளயே இருந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சு."

"ஆமா சார்."

"வெளியில பாத்தா ஒண்ணும் தெரியல. கனம் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு."

பல்லியக்கா தலையாட்டினாள். பதினோரு முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் புரியாத முகம் ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படகுத்துறையில் முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு விளக்கினாலும் பாதிதான் விளங்கும். இவர்களுக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரை நாலு வேளைக்குப் பங்கு வைத்துக் குடிக்கிறவர்கள்.

"எத்தனை கிலோ எடுத்தீங்க?" என்றார் அடுத்த கட்டிலில் இருந்த பழைய பஸ் கண்டக்டர்.

"இருநூத்திப் பத்து."

"அடேயப்பா. எனக்கு ஒரு தடவைக்கு ரெண்டரை எடுத்தாலே கெறங்குது." யோசித்தார். "மூணு ஆளு கனம். மூணு பேர் டிக்கெட் இல்லாம எங்ககூட ஏறியிருக்கான், நான் கவனிக்கல பாரு."

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடி, உள்ளே ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் நின்றாள்.

"திருகாணி அடிச்சது நான்" என்றாள். "அதையும் சேத்துக்கங்க."

தையல்காரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். "அந்த முதுகுப் பலகை இல்லாட்டி நான் ரெண்டாம் வருஷமே வர்றதை நிறுத்தியிருப்பேன். எங்க வீட்ல எல்லார்கிட்டயும் போதும்னு சொல்லிட்டேன், தெரியுமா உனக்கு? சாஞ்சு உக்காந்து வந்தேன், அதனால வந்தேன். எட்டு வருஷம். போன மாசம் பேத்தி பொறந்தா, கையில வாங்கினேன்."

நாத்தனார் நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப வழி விட்டாச்சா?" என்று வாத்தியார் பல்லியக்காவிடம் கேட்டார்.

"பதினாறும் தொறந்தாச்சு. ஒவ்வொண்ணுலயும் குழாய் வச்சு, மரத்துல தண்ணி படாம ரெசின் பூசியிருக்கேன். ஒவ்வொரு அறைக்கும் மேல ஒரு மூடி போட்டிருக்கேன், யாரு வேணா தொறந்து பாக்கலாம். முதுகுப் பலகையைத் தளத்துல அடிக்காம பெஞ்சோடயே சேத்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மறுபடி நான் தப்பே செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது சார். செஞ்சா உடனே தெரியற மாதிரி வச்சிருக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

வாத்தியார் தன் கையில் ஓடுகிற குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மெஷினும் எனக்கு அதுக்கு மேல சத்தியம் பண்ணினதில்லை" என்றார். பேப்பரை மறுபடி விரித்தார்.

கண்டக்டர் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கும்மா வண்டி?"

அறை முழுவதும் வாசல் பக்கம் திரும்பியது. பல்லியக்கா திரும்பவில்லை. படகுச் சாவியை அன்று காலையில் மேஜையிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். அந்த முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாத்தனார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், மூன்று வாரமாக ஊரில் யாரும் கேட்காத அந்தப் பெருங்குரல் வந்தது.

"ஆறரைக்கு. லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவேன்."